மற்றக் கோபினாவுக்கு ஒரு வரி

மொரே
11 ஜூன் 1944

கோபினா அமிசாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. "நான் சுகம். சாப்பாடு நல்லது. எல்லாரையும் கேட்டதாகச் சொல்." ஒரு வருஷத்துக்கு மேலாக ஆளைக் காணோமே என்று தவித்தவளுக்கு இவ்வளவுதானா? காசு கொடுத்துத் தந்தி அடிக்கிறவன்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்து அடிப்பான்.

அன்றைக்கு நான் பேசியது தப்பென்றே வைத்துக்கொள். கடை வேலை போன நாளிலிருந்து என் மீனைத் தின்றுகொண்டு திரிகிறாய் என்று சொன்னேன். கோபத்தில் பெண்டாட்டி ஆயிரம் சொல்வாள். அதற்காக ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் லாரி ஏறிப் பட்டாளத்தில் போய்ச் சேருவானா? அன்று சாயங்காலம் ஊர் வழக்கப்படி என் தாய்வீட்டில் சமைத்து, உன் வீட்டுக்குச் சோற்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. உன் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் காலையிலேயே போயிட்டாரே அண்ணி, உங்ககிட்ட சொல்லலியா?" என்றான். தெருவே பார்த்தது. மூடிய சட்டியோடு திரும்பி நடந்த அந்த நடையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். நீ போகும்போது எனக்கே நிச்சயமாகத் தெரியாது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பிறந்தான், அதனால் எக்கோ. இப்போது தவழ்கிறான். காது இரண்டும் உன் காது, பாவம்.

எட்டாம் நாள் விடியலில் தகப்பன்தானே பிள்ளையை வெளியே தூக்கி வந்து, நாக்கில் தண்ணீரும் சாராயமும் தொட்டு வைத்துப் பேர் சொல்ல வேண்டும்? என் தாய்மாமன் வந்து உட்கார்ந்துகொண்டு, "தகப்பன் இல்லேன்னா தகப்பனோட தம்பி வெக்கட்டும். ஊர்ல இல்லாத வழக்கமா?" என்றார். நான் பிள்ளையைக் கொடுக்கவில்லை. "அவங்கப்பன் உசுரோட இருக்கான். அவன் குடுக்கிற பேரு வரட்டும், அதுவரைக்கும் காத்திருப்போம்" என்று சொல்லிவிட்டேன். அதனால் இன்னமும் வெறும் கிழமைப் பேரோடு நிற்கிறான். கரையில் நின்று எக்கோ என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புகிறார்கள். அதில் ஒருவருக்குத் தலை நரைத்துவிட்டது.

பேர் அனுப்பு. மற்றச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கூக்குவா


(இடம் எழுத அனுமதி இல்லை)
20 ஆகஸ்ட் 1944

கூக்குவா,

எனக்குப் பையன்! கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மழை கொட்டுகிறது, நான் நடக்கிறேன். பார்த்தவர்கள் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள்.

என் முதல் கடிதம் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் நாங்கள் எழுதுவதை ஒரு வெள்ளை அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். பக்கத்தில் கத்தரிக்கோல் வைத்திருப்பார். இது முழுக் காரணம் இல்லை. உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ரோஷம் இன்னும் ஆறவில்லை. போதுமா?

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காமலிருந்தால் நல்லது என்று நினைத்தேன், ஆனாலும் எப்படியாவது உனக்குத் தெரிந்துவிடும். ஏழாம் வகுப்பு படித்திருக்கிறேன், கடையில் கணக்கு எழுதியிருக்கிறேன் என்று பட்டாளத்தில் சேரும்போது சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இன்னொருத்தன் வந்து என் கழுத்தை அமுக்கிப் பார்த்தான். சுமை தூக்கும் படையில் போட்டுவிட்டார்கள். இந்த நாட்டில் வண்டி போகப் பாதை கிடையாது. அரிசி மூட்டை, குண்டுப் பெட்டி, எல்லாமே எங்கள் தலையில்தான் மலை ஏறுகிறது. நீ சிரிப்பாய். சிரி.

இன்னொரு வேடிக்கை. "பேரு?" என்றான். "கோபினா அமிசா." "கோபினா போதும். ஊரு?" "மொரே." அவ்வளவுதான், நான் கோபினா மொரே ஆகிவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவனும் மொரேக்காரன், அவனும் செவ்வாய்க்கிழமை பிறந்தவன். அவனும் கோபினா மொரே. நான் ஒன்று, அவன் இரண்டு. மேல்கரையில் யாரோ ஒருவருடைய படகில் துடுப்புப் போட்டவனாம். நம் ஊரில் நான் அவனைப் பார்த்ததே இல்லை. இங்கே ஒரே கூடாரம்.

பேரைப் பற்றி: காகிதத்தில் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளையை நான் தூக்க வேண்டும், அவன் நாக்கில் நான் தொட்டு வைக்க வேண்டும். மாமாவிடம் சொல், நான் வருவேன். காத்திரு.

கோபினா


மொரே
22 அக்டோபர் 1944

கோபினா,

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். புகையடுப்பில் சாளை கருகுவதுகூடத் தெரியவில்லை. சந்தைக்கு ஒரு கூடை தூக்கிவிடச் சொன்னால் "ஆம்பிளைங்க தலையில சுமப்பாங்களா?" என்பாயே, இப்போது எப்படி இருக்கிறது?

சிரித்து முடித்த பிறகு அழுதுவிட்டேன். அதை விடு.

கழுத்து வலிக்கிறதா? வலிக்கத்தான் செய்யும். நீ நிச்சயமாகச் சும்மாட்டை உச்சியில் வைத்திருப்பாய், எல்லா ஆண்களும் அப்படித்தான் வைப்பார்கள். கொஞ்சம் முன்னால், நெற்றி முடிகிற இடத்துக்கு மேலே வை. துணியை முறுக்கிச் சுற்றாதே, தளர்வாகச் சுற்றி நடுவில் குழி விடு. சுமை ஏறியதும் கீழே பார்க்காதே, கால் தானாக வழி பார்த்துக்கொள்ளும். இறக்கும்போது யாராவது கை கொடுக்கட்டும், தனியாக இறக்கினால் இடுப்பு போய்விடும். இதோடு என் பழைய நீலத் துணியைக் கிழித்து ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன். நிறையத் துவைத்தது, மெத்தென்று இருக்கும். மீன் வாடை அடித்தால் என்னைத் திட்டாதே.

காத்திரு என்கிறாய். மாமா என்ன சொல்கிறார் தெரியுமா? "ஒரு வருசம் பேரில்லாம வளத்தா ஊரு என்ன பேசும்? பிள்ளைக்கு அப்பன் யாருன்னு கேக்கும்." கேட்டாயிற்று, கோபினா. கிணற்றடியில் ஒருத்தி என் காதுபடவே கேட்டாள். அவள் குடத்தைத் தட்டிவிட்டு வந்தேன்.

பகலில் எனக்கு ஒன்றும் இல்லை. மீன், விறகு, பிள்ளை, சண்டை. சாயங்காலம்தான் கஷ்டம். எல்லா வீட்டுப் பெண்களும் புருஷன் வீட்டுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவார்கள். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். கை மட்டும் இன்னமும் உனக்கும் சேர்த்து மாவு பிசைகிறது. மறுநாள் மிச்சத்தைச் சுட்டுத் தின்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். பிள்ளை நாக்கில் வைக்கும்போது என்ன சொல்வோம்? தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல், சாராயம் என்றால் சாராயம் என்று சொல். நீயும் அப்படியே எனக்கு எழுது. சாப்பாடு நல்லது என்ற கதையெல்லாம் வேண்டாம்.

கூக்குவா


(இடம் இல்லை)
17 டிசம்பர் 1944

கூக்குவா,

துணி வந்தது. மீன் வாடை போகவில்லை, போகவும் வேண்டாம். நீ சொன்னபடி வைத்தேன். கழுத்து வலி பாதியாகிவிட்டது. எங்கள் படை முழுக்க இப்போது நீ சொன்ன முறையில்தான் சும்மாடு சுற்றுகிறது.

தண்ணீரைத் தண்ணீர் என்றே சொல்கிறேன். பயமாக இருக்கிறது. மழை நின்றுவிட்டது, மறுபடி மலையேறிவிட்டோம். எங்கு பார்த்தாலும் மூங்கில். ஆகாயவிமானம் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போகும், நாங்கள் பொறுக்கிச் சுமப்போம். தலையில் சுமை, கை இரண்டும் அதைப் பிடித்திருக்கும். ஜப்பான்காரன் சுட்டால் குனியக்கூட முடியாது. முன்னால் ஒரு பெரிய ஊர் இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள்.

மற்றக் கோபினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் போடவும் ஆள் இல்லை. அப்பா கடலில் போனவர், அம்மா அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். தபால் வருகிற நாளில் அவன் தூரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் பாவமாக இருந்தது என்று உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. கிணற்றடிக் குடத்தைத் தட்டிவிட்டாய் என்ற இடத்தில் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அண்ணி சரியான ஆளுண்ணே! இன்னொரு தடவ படி" என்றான். இப்போது அந்தக் கடிதம் அவனுக்கு மனப்பாடம். நான் ஒரு வரி விட்டால், "சாளை கருகினதை விட்டுட்டியே" என்கிறான்.

நேற்றுத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "அண்ணி அடுத்த தடவ எழுதறப்போ, என்னையும் கேட்டதா ஒரு வரி போடுவாங்களாண்ணே? ஒண்ணே ஒண்ணு போதும்." உன்னால் முடிந்தால் எழுது.

பேர் இன்னும் முடிவு செய்யவில்லை. வந்து வைக்கிறேன்.

கோபினா


மொரே
11 பிப்ரவரி 1945

கோபினா,

பனிக்காலத்துக் காற்று மண்ணை வாரி அடிக்கிறது. மீனில் மண், சோற்றில் மண், பிள்ளை மூக்கில் மண். எக்கோ நடக்கிறான். நடக்கிறான் என்ன, ஓடுகிறான். அலையைப் பார்த்து அதட்டுகிறான். இவனுக்குப் பேர் இல்லையே என்று எனக்குத்தான் வயிறு எரிகிறது. அவனுக்கென்ன?

பயமாக இருக்கிறது என்று எழுதினாய். அதைப் படித்த பிறகுதான் நீ எனக்குத் திரும்பக் கிடைத்தது போல இருந்தது. வீரனாக வராதே, போனது போலவே வா. இனி உன்னை மீனைத் தின்கிறவன் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.

இதற்குக் கீழே இருப்பது உனக்கு இல்லை. அவனுக்குப் படித்துக் காட்டு.

தம்பி, நீ நலமா? நான் உன் அண்ணி கூக்குவா. ஒரு வரி கேட்டாயாம். ஒரு வரி என்ன, ஊர் வந்து சேர், ஒரு சட்டி நிறைய மீன் குழம்பு வைத்துத் தருகிறேன். சாயங்காலம் எனக்குச் சமைத்ததில் மிஞ்சத்தான் செய்கிறது. என் புருஷன் அவசரக்காரர், அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள். நீயும் பத்திரமாக இரு. ஒன்று கேட்கிறேன், உன் நல்ல பேர் என்ன? உங்கப்பா உனக்கு வைத்த பேர். இரண்டாவது கோபினா என்று ஒருவனுக்குக் கடிதம் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. பேரைச் சொல்லி அனுப்பு, அடுத்த கடிதம் உன் பேருக்கே தனியாக வரும்.

கூக்குவா


மொரே
8 ஏப்ரல் 1945

பட்டாளத்திலிருக்கும் கோபினா மொரே, இரண்டாம் ஆளுக்கு.

தம்பி, உன் நல்ல பேரைக் கேட்டிருந்தேன், பதில் வருவதற்குள் இப்படி ஆகிவிட்டது. உனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர் எழுதியிருந்தார். இதை அவனுக்குப் படித்துக் காட்டுகிறவரே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.

போன மாதக் கடைசியில் அரசாங்க ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். கோபினா மொரே ஜனவரியில் நடந்த சண்டையில் செத்துப் போனார் என்று காகிதத்தில் இருந்தது. நான் நம்பவில்லை. "வேற ஆளா இருக்கும், இன்னொரு கோபினா இருக்கான்" என்றேன். சொன்ன பிறகு என் வாயிலேயே அடித்துக்கொண்டேன், என்னை மன்னித்துவிடு. அவர் சொன்னார், "அம்மா, கோபினா மொரேன்னு இந்த ஊர்ல எழுதிக் குடுத்த விலாசம் உங்க ஒருத்தரோடதுதான்." அதன் பிறகு எனக்குக் காது கேட்கவில்லை.

தலையை மழித்துக்கொண்டேன். உடல் இல்லாத சாவுக்கு எப்படி அழ வேண்டுமோ அப்படி அழுதோம். பறை அடித்தார்கள், படகுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். என் தொண்டை இன்னும் சரியாகவில்லை. துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டி உட்கார்ந்திருக்கிறேன். எக்கோ என் மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரிக்கிறான்.

தம்பி, நீ மட்டும்தான் அவர் பக்கத்தில் இருந்தவன். எனக்கு மூன்று விஷயம் சொல். வலித்ததா? என் துணி தலையில் இருந்ததா? பிள்ளைக்கு என்ன பேர் என்று கடைசியிலாவது வாயைத் திறந்தாரா? மாமா ஆகஸ்டு வரைக்கும்தான் பொறுப்பாராம். அதற்குப் பிறகு என் கொழுந்தன் ஏதாவது ஒரு பேரை வைத்துவிடுவான். ஏதாவது ஒன்று எனக்கு வேண்டாம். அவர் மனதில் இருந்தது வேண்டும். பொய் சொல்லித் தேற்றாதே.

நீயாவது ஊர் வந்து சேர். குழம்பு இருக்கிறது.

கூக்குவா


மதராசுக்குப் பக்கத்தில் ஒரு முகாம்
10 ஜூன் 1945

கூக்குவா,

உட்கார்ந்துகொண்டு படி. பிள்ளையைக் கீழே விட்டுவிட்டுப் படி.

நான் உயிரோடு இருக்கிறேன். இதை எழுதுவது கோபினா அமிசா. மெழுகுவர்த்தி விலைக்காக முதலாளியோடு சண்டை போட்டுக் கடை வேலையை விட்டவன். உன் சாளையில் முள் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் குறை சொன்னவன். நம்பு.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவர் நான்தான். ஒரு வரியும் விடாமல் படித்தேன். எனக்கு எதிரில் கேட்க ஆள் இல்லை.

செத்தது அவன். பட்டாளத்தில் இரண்டு கோபினா மொரே. ஒருவனுக்குத்தான் விலாசம் இருந்தது. அவன் சேரும்போது யார் விலாசத்தைக் கொடுப்பான்? அதனால் அவன் சாவு என் வீட்டுக்கு வந்துவிட்டது. மிஞ்சிய கோபினா மொரே நான் ஒருவன்தான் என்று, அவனுக்கு நீ ஏப்ரலில் எழுதியதை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், தொடையில் இரும்புத் துண்டு, அதற்கு மேல் காய்ச்சல். உன் பிப்ரவரிக் கடிதம் அங்கேதான் என் கைக்கு வந்தது. பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். அதில் அவனுக்கு நீ எழுதியதை யாருக்குப் படிப்பேன்? ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு முழுக்கப் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரன், "யாருக்குடா படிக்கிற?" என்றான். சொல்லத் தெரியவில்லை. நான் அப்போதே உனக்கு எழுதியிருந்தால் உன் தலையில் முடி இருந்திருக்கும்.

நீ கேட்ட மூன்றையும் சொல்கிறேன். அந்த ஊருக்கு மியோஹாங் என்று பேர், இப்போது சொல்லலாம் என்கிறார்கள். பழைய ராஜாக்கள் இருந்த இடம், குன்றுக்குக் குன்று கல்கோயில். சுற்றியுள்ள குன்றுகளைப் பிடிக்க எங்கள் ஆட்கள் பல நாள் சண்டை போட்டார்கள். மேலே பீரங்கிக்குக் குண்டு தீர்ந்துவிட்டது. நாங்கள் வரிசையாகக் குண்டுப் பெட்டிகளைச் சுமந்து ஏறினோம். காலை நேரம். அவனுடைய சும்மாட்டுத் துணி இற்றுப் போயிருந்தது, உன் துணியை அவனுக்குக் கொடுத்திருந்தேன். எனக்கு முன்னால் போனான். கீழே பார்க்கவில்லை, நீ சொன்னபடி. ஜப்பான்காரன் குண்டு பாதையில் விழுந்தது. வலித்திருக்காது. அது தேற்றுவதற்குச் சொல்வதில்லை, நான் பார்த்தேன். வலிக்க நேரம் இல்லை. துணியை அவன் தலைக்கு அடியில் வைத்து அந்தக் குன்றிலேயே புதைத்தார்கள். மறுநாள் ஊரைப் பிடித்துவிட்டார்கள். எல்லாரும் கூவினார்களாம். என்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், எனக்குத் தெரியாது.

மூன்றாவது. அதற்கு முந்தின நாள் சோறு தின்னும்போது, "பையனுக்கு என்ன பேருண்ணே வெக்கப்போற?" என்றான். "இன்னும் யோசிக்கிறேன்டா" என்றேன். சோற்றை வழித்துத் தின்றான். பிறகு, "எம்பேரு எவுசி. எங்கப்பா வெச்சது. அம்மா போனதுக்கப்புறம் யாருமே கூப்பிடல. புதுசாவே இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன். கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை, கூக்குவா. இத்தனை மாதம் ஒரே கூடாரத்தில் படுத்தேன், அவன் பேரை நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீ கேட்டாய். நீ கேட்டபோது அவன் இல்லை.

வந்துதான் வைப்பேன் என்று இனி சொல்லமாட்டேன். கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது, கால் இன்னும் ஊன்ற முடியவில்லை. நீயே வை. எவுசி. இதுதான் என் பிள்ளைக்கு நான் வைக்கும் பேர்.

இங்கே பெண்கள் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து நடக்கிறார்கள். உன்னைப் போலவே நெற்றிக்கு மேலே. அதைப் பார்த்துக்கொண்டு வேலிப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. செத்தவுடன் என்னை "அவர்" என்று எழுதியிருக்கிறாய். பிப்ரவரியில் அவனுக்கு எழுதியதிலும் அப்படித்தான். மற்றவர்களிடம் எனக்கு இவ்வளவு மரியாதையா?

கோபினா


மொரே
26 ஆகஸ்ட் 1945

அடப்பாவி கோபினா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கடலுக்கு யாரும் போகாத நாள், ஊர் முழுக்கக் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். மாமா மட்டும் நின்று, "செத்தவன் எங்கயாவது கடுதாசி போடுவானா?" என்றார். "மெழுகுவர்த்திச் சண்டை எழுதியிருக்கு மாமா, இது அவனேதான்" என்றேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அதே வாரம் சண்டை எல்லாம் முடிந்துவிட்டதென்று தேவாலயத்தில் மணி அடித்தார்கள். எனக்கு எந்த மணி எதற்கு என்றே தெரியவில்லை.

பிறகு பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது அழுத சாவு கெட்ட சகுனமாம், அதைக் கலைத்துவிட வேண்டுமாம். ஆட்டை அறுத்து, என் கறுப்புத் துணியைக் கடலில் விட்டுவிட்டால் நடக்காதது போல ஆகிவிடும் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். "நடந்துச்சு மாமா. ஒருத்தன் செத்தான், நான் அழுதேன். அவனுக்குன்னு அழ இந்த ஊர்ல யாரு இருந்தா? ஆள் தெரியாம அழுதாலும் அழுகை அவனுக்குத்தான் போய்ச் சேந்துச்சு. அதைத் திருப்பி வாங்க மாட்டேன்" என்றேன். மாமா எழுந்தார். மேல்கரைக்கு ஆள் அனுப்பி, எவுசி யாருடைய படகில் துடுப்புப் போட்டான் என்று விசாரித்தார். படகுக்காரருக்கு அவனைக் கோபினா என்றுதான் தெரியும். வேறு பேர் உண்டா என்று அவரே எங்களைக் கேட்டார்.

கறுப்பை இன்னும் கட்டியிருக்கிறேன். நீ வரும்போது கழற்றுகிறேன். முடி ஒரு விரல் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை விடியலில் பேர் வைத்தேன். பெண் வைக்கலாமா என்று உன் தம்பி கேட்டான். "வேணும்னா என் பக்கத்துல நில்லு" என்றேன். நின்றான். எட்டு நாள் பிள்ளையைப் போல இவன் சும்மா இருப்பானா? சாராயத்தைத் தொட்டு வைத்ததும் முகத்தைச் சுளித்து என் விரலைக் கடித்துவிட்டான். தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல் என்றேன். "தண்ணி" என்று சத்தமாகச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எல்லாப் பெண்களும் சட்டியோடு தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்தவில்லை. மிஞ்சியதைத் தனிச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். யாருக்கு என்று என்னைக் கேட்காதே. பிள்ளை தூரத்தில் படகுகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்தான். ஆட்கள் நிறைய இருந்தார்கள். எவுசி என்று உரக்கக் கூப்பிட்டேன். கரையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிள்ளை நின்றான், யாரை என்று பார்ப்பது போலப் பின்னால் ஒருமுறை பார்த்தான், பிறகு என்னிடம் ஓடி வந்தான்.

சீக்கிரம் வா.

கூக்குவா